தீவுக்குப் போன பிடி அரிசி

சினிமாக்காரர்களுக்குச் சோறு பொங்குகிற வேலையில், படம் ஓடுமா ஓடாதா என்கிற கவலை நமக்கில்லை. ஒரு மணிக்குச் சோறு இறங்கவேண்டும், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் விளம்பிவிட்டு ஆறின சோற்றைத் தின்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சாளைக் குழம்பு

எங்கள் இரணியல் பக்கம் படப்பிடிப்பு வந்தால் சமையலுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். சிதறால் மலையில் ஒரு தடவை எட்டு நாள் வேலை. பாறைப் படியில் சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டு சேர்ப்பதற்குள் முட்டு இரண்டும் விட்டுப்போகும். அந்தப் படத்தின் டைரக்டருக்கு என் கையால் வைத்த குளச்சல் சாளை மீன் குழம்பு பிடித்துப்போயிற்று. அடுத்த படத்துக்கு சுவீடன் நாட்டுக் கடலில் ஒரு சின்னத் தீவுக்குப் போகிறோம், பத்து நாள், பதினாறு பேர், நீங்களும் வாங்கம்மா என்றார்.

துபாயில் இருக்கிற மூத்த மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் சொன்னான்: "நான் படிச்சு, பரீட்சை எழுதி, மூணு ஏஜெண்டுக்கிட்ட அலைஞ்சு விசா வாங்கினேன். உங்களுக்கு சாளைக் குழம்பே விசா வாங்கித் தந்துட்டுது, பாத்தியளா அம்மா!"

இருட்டாத ஊர்

தீவு அழகுதான். இடிந்த கோட்டை மதில், சிவப்புச் சாயம் அடித்த மரவீடுகள், கடலோரத்தில் ஆள் நிற்பதுபோல ஒல்லி ஒல்லியான பாறைகள், பல நூறு வருஷப் பழமையான வெள்ளைக்கல் ஆலயம். கேமராவை எங்கே திருப்பினாலும் படம்தான் என்று டைரக்டர் குழந்தைபோலத் துள்ளினார்.

கஷ்டம் எங்களுக்கு. வெளிச்சம் போனால் வேலை முடியும் என்பது சினிமாவில் வழக்கம். அது ஜூன் மாதம். ராத்திரி ஒன்பது மணி ஆகியும் நம்மூர் நாலு மணி வெயில். ஷூட்டிங் ஓடிக்கொண்டே இருக்கும், நானும் டீ போட்டுக்கொண்டே இருப்பேன். ஆறாவது டீக்கு வந்த லைட்மேன் ஒருவர் பெட்டிமேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார். "அக்கா, இந்த ஊர் சூரியனுக்கு யூனியன் கிடையாதா?"

கட்டிலுக்கடியில் பை

எங்கள் கிறிஸ்தவ சபையில், உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்போம். சேர்ந்ததை ஆலயத்தில் காணிக்கையாகப் படைப்போம். கல்யாணமான நாள் முதல் செய்கிறேன். நினைக்காமலே கை எடுத்துவிடும். தீவிலும் எடுத்தது. ஆனால் அது கம்பெனி அரிசி. அதனால் அந்தப் பிடிக்கு ஈடாக, ராத்திரி என் பங்குச் சோற்றை விட்டுவிட்டு ரொட்டி தின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. அது என் தப்பு.

ஆறாம் நாள் சாமான் கணக்குப் பார்க்க வந்த கம்பெனி மேனேஜர் தம்பி என் கட்டிலுக்கடியில் இருந்த துணிப்பையைக் கண்டுபிடித்து, எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார். நான் விஷயத்தைச் சொன்னேன். "சாமி பேரைச் சொல்லித் திருடுறதை இப்பதான் பார்க்கிறேன். ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று பையைப் போட்டுவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அந்த வார்த்தை சொன்னதில்லை. மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய கை இது. அன்றைக்குக் குழம்பில் உப்பை எத்தனை தடவை போட்டேன் என்று எனக்கே தெரியாது. கேமராமேன் ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னார்: "யோவ் மேனேஜர், அம்மாவை நீ பேசினே. தண்டனை எங்களுக்கா?"

காற்று

எட்டாம் நாள் காற்று கிளம்பியது. கையிலிருந்த அரிசி முந்தின நாளோடு தீர்ந்திருந்தது. படகு நின்றுவிட்டது, மிச்ச நாளுக்கு வரவேண்டிய அரிசி மூட்டை அக்கரையில். தீவில் இருந்த ஒரே கடையில் ரொட்டி உண்டு, உருளைக்கிழங்கு உண்டு, அரிசி மட்டும் இல்லை. பட்டினி என்று சொல்லமுடியாது. ஆனால் முந்தின நாள் அந்த ஊர் ஊறுகாய் மீனைத் தின்ற கேமராமேனுக்கு வயிறு கெட்டுப்போய், ரொட்டி தின்றாலும் நிற்கவில்லை, தண்ணீரும் நிற்கவில்லை. ஆலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி அன்றைக்கு ஒரு நாள்தான். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கஞ்சி கொடுத்தால் எழும்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அரிசி இருப்பது என் பையில். ஆனால் ஆண்டவருக்கென்று எடுத்ததை என் இஷ்டத்துக்குத் தொடலாமா? ஜெபித்துப் பார்த்தேன், மனம் தெளியவில்லை. உதவி டைரக்டர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, ஆலயத்தைத் திறக்க வந்திருந்த போதகரிடம் போனேன். அவரும் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். பையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு நிதானமாக ஏதோ சொன்னார். உதவி டைரக்டர் பெண் அதைத் தமிழில் சொன்னாள்: "இங்கே முன்னெல்லாம் காணிக்கையா உப்பு மீன் வைப்பாங்களாம். புயல்ல சாப்பாடு இல்லேன்னா அதையே கடனா எடுத்துட்டு, அப்புறம் திருப்பி வைப்பாங்களாம். எடுத்துக்கங்க, ஆனா திருப்பி வைக்க மறந்துடாதீங்கன்னு சொல்றாங்க."

வரிசையில் கடைசி ஆள்

அரிசியைக் குழைய வேகவிட்டு, உப்பும் கொஞ்சம் சுக்கும் தட்டிப் போட்டேன். கேமராமேன் பாதி தம்ளர் குடித்தார். நின்றது. பிறகு இரண்டு தம்ளர். மூன்று மணிக்கு எழுந்து கேமராவைத் தோளில் வைத்தார். சாயங்காலத்துக்குள் ஆலயத்தில் எடுக்க வேண்டியதெல்லாம் முடிந்தது.

கஞ்சி வாசனைக்கு மொத்த யூனிட்டும் தம்ளரோடு வந்து நின்றது. வரிசையில் கடைசி ஆள் மேனேஜர் தம்பி. அவருக்கும் ஊற்றினேன், அடியில் சோறு திரண்டு கிடந்த வற்றுக்கஞ்சியாகப் பார்த்து. குனிந்தபடியே குடித்து முடித்தார். பிறகு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "அம்மா, தப்பு என்னோடது. இனிமே ரெண்டு பிடியா எடுங்க."

முட்டம்

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக, எடுத்த அரிசியை என் வீட்டுப் பானையிலிருந்து பிடி பிடியாக எண்ணி ஆலயத்தில் வைத்துவிட்டேன். படம் வந்தபோது வீட்டுக்காரரோடு தக்கலையில் போய்ப் பார்த்தேன். அந்த வெள்ளை ஆலயம் ஒரு பாட்டின் நடுவில் வந்தது. நான் கையைக் காட்டுவதற்குள் போய்விட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்: "ஏட்டி, இவ்வளவுதானா? இத நம்ம முட்டம் பாறையில வச்சே எடுத்திருக்கலாம்லா!"

அந்த மூன்று நொடி வெள்ளைச் சுவருக்குப் பின்னால் ஒரு பை காணிக்கை அரிசி வெந்த கதை, படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது; ஆண்டவருக்கும் எனக்கும் ஒரு கேமராமேனின் வயிற்றுக்கும் தெரியும்.