பஸ்ஸில் வந்த மேனேஜர் அழைப்பு

எங்கள் டீமின் வேலை வேறு நாட்டுக்குப் போகிறது, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு வாரமாக ஆபீஸ் வாட்ஸ்அப்பில் இதே பேச்சு. லீவு போட்டு ஊருக்கு வந்தும் எனக்குத் தூக்கமில்லை.

இன்று தர்மபுரியில் பாலக்கோடு பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் எங்கள் தெரு சாந்தி அக்கா.

"என்ன கண்ணு, வேலை போயிருச்சாமே?"

"யாரு சொன்னதுக்கா? லீவுலதான் வந்திருக்கறேன்."

"செரி செரி, நான் யாருகிட்டயும் சொல்லல" என்றார், டிரைவருக்கே கேட்கும்படி.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் அழைத்தார். மெசேஜ் அனுப்பாமல் அவர் அழைத்ததே கிடையாது. அக்கா மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மட்டும் என் பக்கமே இருந்தது.

"தனியா இருக்கீங்களா? இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார் மேனேஜர்.

"சொல்லுங்க சார்."

"உங்க ஊர்ப் பக்கம் நிலம் ஏதாவது விலைக்கு வருமா? தக்காளி போடலாம்னு பாக்கறேன். இங்க யாரு இருப்போம், யாரு போவோம்னு எனக்கே தெரியல."

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தேன். பயம் போகவில்லை. ஆனால் பயப்படத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

"என்னவாம் கண்ணு?" என்றார் அக்கா.

"நெலம் வேணுமாம்க்கா."

"அய்யோ பாவம், அவருக்கும் போயிருச்சா!"

போன வாரம் எங்கள் ஊரில் விலை கிடைக்காமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். அதை மேனேஜரிடம் நான் சொல்வதா, நீங்கள் யாராவது சொல்கிறீர்களா?