இரண்டு வரிகளை ஒன்றாக்கிய சனிக்கிழமை

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்தவள். கட்டடங்களுக்கு வயரிங் வரைபடம் வரைந்து, தேவையான பொருட்களுக்குப் பட்டியல் போடுவது என் வேலை. ஒரே பொருள் இரண்டு வரிகளில் வந்தால் ஒன்றாக்கிவிடுவேன். பட்டியல் சுருங்கச் சுருங்க எனக்கு மனம் இலேசாகும். கல்முனையில் எங்கள் சபையின் ஜெப விண்ணப்பப் பட்டியலை என்னிடம் ஒப்படைத்ததற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம்.

சபை வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. யாருக்கு என்ன தேவையோ அதைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். சனிக்கிழமை மத்தியானம் நான் பெட்டியைத் திறந்து, சீட்டுகளைத் தட்டச்சுச் செய்து, சபையின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவேன். ஞாயிறு ஆராதனையில் அதே பட்டியல் திரையில் வரும். ஒவ்வொரு வரிக்கும் எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். நாங்கள் சிறிய சபை. யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வெளிநாடு போகக் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் எதிரான வன்முறையை நிறுத்த ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்த வருடம் சபை முடிவெடுத்திருந்தது. பிரசங்கம் நடந்தது. ஒரு சட்டத்தரணி வந்து பெண்களோடு பேசினார். சபையின் வாசல் படலையில், வன்முறையை நிறுத்துவோம் என்று எழுதிய பெரிய பதாகை ஒன்று கட்டினோம். ஏணியில் ஏறி அதைக் கட்டியவர், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வேதபாடம் வாசிக்கும் சபை அண்ணன் ஒருவர். நல்ல குரல் அவருக்கு. அவருடைய மனைவி பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கிற அக்கா. அந்த மாதம் அக்காவின் வலது மணிக்கட்டில் மாக்கட்டு இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். நாங்களும் நம்பினோம். நம்பியது எங்களுக்கு வசதியாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை பெட்டியில் வழக்கத்தை விட அதிகமான சீட்டுகள். பட்டியல் நீண்டால் சனங்கள் களைத்துப்போகிறார்கள் என்று போதகர் ஐயா முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். ஒரு சீட்டில் பெயர் இல்லை: “எங்கள் வீட்டில் சமாதானம் உண்டாக.” கையெழுத்து இடது கையால் எழுதியதுபோலக் கோணலாக இருந்தது. யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு சீட்டு வேறொருவர் எழுதியது, அக்காவின் கை குணமாக வேண்டும் என்று. ஒரே ஆளுக்கு இரண்டு வரி எதற்கு? ஒன்றாக்கினேன். “கை முறிவினால் வருந்தும் பாடகர் குழுச் சகோதரியின் கை குணமாகவும், அவருடைய வீட்டில் சமாதானம் உண்டாகவும்.” பெயர் போடாமல் விட்டதை நினைத்து எனக்குத் திருப்தி வேறு.

மூன்று மணிக்கு அனுப்பினேன். கூப்பிய கைகளின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த அண்ணனும் ஒன்று அனுப்பியிருந்தார்.

ஞாயிறு அக்கா வரவில்லை. மகளும் வரவில்லை. அண்ணன் வந்து வேதபாடம் வாசித்துவிட்டு, ஆசீர்வாதத்துக்கு முன்னமே எழும்பிப் போனார். நான் கணினியை மூடி வெளியே வந்தபோது படலையில் ஒரு முஸ்லிம் பெண் நின்றார். அக்கா வீட்டுக்குப் பின்வீடு அவருடையது. மருதமுனைத் தறிச் சேலைகளை வீட்டில் வைத்து விற்பவர். முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லோரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

“புள்ள, உங்கட சபையில போனுக்கு லிஸ்ட் அனுப்புறது ஆரு?”

“நான்தான் ராத்தா.”

“நீயா? படிச்ச புள்ளயெண்டு நினைச்சிருந்தன்.” குரலைத் தாழ்த்தினார். “ஆளுக்காக ஆண்டவன்ட்ட துஆக் கேக்கிறது நல்ல விசயம். அதுக்கு ஆள்ட கையையும் ஊட்டையும் சேத்துக் காட்டோணுமா? ‘ஆருக்கிட்ட என்ன சொன்ன நீ’ எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சிரிக்காரு. தாயும் மகளும் இப்ப எங்கட ஊட்டிலதான் இரிக்காங்க.”

“என்னைப் பாத்துக்கிட்டு நிக்காத. உங்கட ஐயாட்டச் சொல்லு,” என்றார் ராத்தா.

சொன்னேன். போதகர் ஐயாவும் அவருடைய மனைவியும் இரண்டு மூப்பர்களும் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் சபையில் இதற்கொரு வழக்கம் உண்டு. போதகரும் மூப்பர்களும் வீட்டுக்குப் போவார்கள். ஒரு சங்கீதம் வாசிப்பார்கள். மனைவியின் கையைக் கணவனின் கையில் வைத்து ஜெபிப்பார்கள். தேநீர் குடித்துவிட்டு வருவார்கள். சமாதானம் பண்ணுவது என்று இதற்குப் பெயர்.

“பின்னேரம் போய்ச் சமாதானம் பண்ணுவம்,” என்றார் மூத்த மூப்பர். “முந்தியும் ரெண்டு தரம் பண்ணினதுதானே.”

இரண்டு தரம் என்பது எனக்குப் புதிய செய்தி. போதகரின் மனைவிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டு தரம் பண்ணியும் கை முறிஞ்சிருக்கு,” என்றார். “படலையில என்னத்தக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறம் எண்டு ஒருக்கா வாசிச்சிட்டு வாங்க.” என் பக்கம் திரும்பினார். “மகள், நீ வா. நாங்க முதல்ல போவம்.”

ராத்தா வீட்டின் உள்ளறையில் அக்கா கட்டிலில் இருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. பதினான்கு வயது மகள் தாயை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ரெண்டு சீட்டையும் ஒண்டாக்கினது நான்.”

“தெரியும். உன்ட வேலை மாதிரித்தான் இருந்திச்சு, நல்ல துப்பரவா.” சிரிக்கப் பார்த்தார், உதடு வலித்திருக்க வேண்டும். “பேர் போடாம ஏன் எழுதினாள் எண்டு யோசிக்கல்லயா நீ?”

“இல்லக்கா.”

“இனி யோசி.”

அதற்குமேல் என்னைக் கடியவில்லை. நான் குறிப்பெழுதும் கொப்பியை எடுத்தேன். ஆஸ்பத்திரி, பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவு, அன்றைக்கு வந்த சட்டத்தரணி, மகளின் பாடப் புத்தகங்கள் என்று எழுதத் தொடங்கினேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

“இதெல்லாத்துக்கும் மேல ஒண்டு எழுது. நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டன்.”

எழுதினேன். அதற்குக் கீழே இருந்த ஒவ்வொன்றும் அந்த ஒரு வரி நிற்குமா விழுமா என்பதில் தங்கியிருந்தது. அன்று பின்னேரமே அதற்குச் சோதனை வந்தது.

நாலரை மணிக்குப் போதகரும் மூப்பர்களும் வந்தார்கள். கூடவே அண்ணன், வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி. ராத்தா வீட்டு முன்னறைக்கும் உள்ளுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை உண்டு. நான் போன நாளெல்லாம் அதை ஒதுக்கிச் செருகிவிட்டு, வியாபாரத்துக்கு வரும் ஆண்களோடு அவர் நேருக்கு நேர் விலை பேசுவதைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று அதை முழுதாக இழுத்துவிட்டார்.

“இருங்க ஐயா,” என்றார் உள்ளே நின்றபடி. “எங்கட ஊட்டு வழக்கம் இது. ஆம்புளைகள் அங்கால, பொம்புளைகள் இஞ்சால. கதைக்கிறத அங்க இருந்தே கதைங்க, எங்களுக்கு நல்லாக் கேக்கும்.”

போதகரின் மனைவி சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கையைப் பிடித்துக் கையில் வைக்க வந்தவர்களுக்குக் கை எட்டவில்லை.

மூத்த மூப்பர் தொண்டையைச் செருமினார். “தங்கச்சி, அவர் மனம் வருந்தி வந்திருக்கார். குடும்பமெண்டா நாலும் இருக்கும். வெளியில வாங்க, ஜெபம் பண்ணிக்கொண்டு வீட்ட போவம்.”

“நாலில ஒண்டச் சொல்லுங்களன் கேப்பம்,” என்றார் ராத்தா.

பிறகு அண்ணனின் குரல் வந்தது, வேதபாடம் வாசிக்கிற அதே குரல். “பிள்ளைக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம். விசயத்தைப் பெருப்பிக்காம வா.”

மகள் தாயின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அக்கா அவளை என் பக்கம் நகர்த்திவிட்டு எழும்பினார். தானே திரையை ஒதுக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றார். வீங்கிய கன்னத்தைப் போதகரும் மூப்பர்களும் அப்போதுதான் பார்த்தார்கள். மூத்த மூப்பர் நிலத்தைப் பார்த்தார்.

“ஐயா, நீங்க ஜெபம் பண்ணுறதெண்டா பண்ணுங்க,” என்றார் அக்கா. “ஆனா இனி என்ட கைய இவர்ட கையில வைக்காதீங்க. நான் போகமாட்டன். இப்ப ஆஸ்பத்திரிக்கும் பொலிஸுக்கும் போறன்.”

போதகர் கையிலிருந்த வேதாகமத்தை மூடினார்.

“தம்பி, நீங்க வீட்ட போங்க. இனி சபையில வேதபாடம் வாசிக்க வேணாம். பதாகை கட்டவும் வேணாம்.”

“இது எங்கட குடும்ப விசயம் ஐயா.”

“நானும் அப்படித்தான் நினைச்சன், ரெண்டு தரம்,” என்றார் போதகர்.

அண்ணன் போனார். நாங்கள் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், பிறகு பொலிஸுக்கு. பெண் உத்தியோகத்தர் ஒருவர் முறைப்பாட்டை எழுதினார். சில வாரங்களில், அண்ணன் அவர்களை நெருங்கக் கூடாதென்று நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை கொடுத்தது. அதுவரை தாயும் மகளும் ராத்தா வீட்டிலும், பிறகு போதகர் வீட்டு அறையிலும் இருந்தார்கள். வழக்கு நாட்களில் சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஆறேழு பேராவது போய் நீதிமன்ற வாங்கில் இருந்தோம். எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் எங்களோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டன. சபையில் சமாதானம் பண்ணும் வழக்கத்தை நிறுத்தினோம். அடி என்று தெரிந்தால் முதலில் போவது இரண்டு பெண்கள், கேட்பது ஒரே கேள்வி: உங்களுக்கு என்ன வேணும்?

ஒன்றுதான் தீராமல் கிடந்தது. கட்டளை இருக்கும்போது இருவரும் ஒரே ஆராதனைக்கு வர முடியாது. அக்காவைக் காரைதீவுப் பக்கம் உறவினர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகச் சொன்னார் ஒரு மூப்பர், நல்ல மனதோடுதான்.

“நான் ஏன் போகோணும்?” என்றார் அக்கா. “இது என்ட சபை. அடிச்சவர் இடம் தேடட்டும்.”

போதகர் ஐயா அண்ணனுக்குக் கடிதம் எழுதினார், வேறு ஊர்ச் சபைக்குப் போகும்படி. அதை அனுப்புமுன் அக்காவிடம் வாசித்துக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு அக்கா மகளோடு வந்தார். பின் வாங்கில் இருந்த ஒருத்தி ஒதுங்கி இடம் கொடுத்தாள். அக்கா தலையை ஆட்டிவிட்டு, நடுப்பாதையால் நேராக நடந்து, பாடகர் குழுவில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“எத்தினையாம் பாட்டு?” என்று கேட்டார்.