நிறம் மட்டும் போதாது

“அதெல்லாம் நீ கண்ணால பாத்தியாடி?” என்று மாமா கேட்டார்.

அவர் அம்மாவின் தம்பி. கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டிகளுக்கு ஐஸ் போடுகிறவர். சிதம்பரத்தில் நான் செய்யும் ஆராய்ச்சியைப் பற்றி அன்று சாப்பிடும்போது விசாரித்தார். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை மறைக்காமலே விளக்கினேன். என்னுடையது ஓர் அணைவுச் சேர்மம். நடுவில் இரும்பு, அதை ஆறு பக்கமும் பிடித்திருக்கும் நைட்ரஜன்கள். அந்த இரும்பின் வெளிப்புற ஆறு எலக்ட்ரான்களுக்கு ஐந்து இடங்கள் உண்டு. சூட்டில் அவை பரவி நிற்கும், நான்கு தனித்தே இருக்கும். குளிர்ந்தால் நைட்ரஜனின் பிடி இறுகி, ஆறும் மூன்று ஜோடிகளாக அடங்கிவிடும். பிறகு காந்தம் அதை இழுக்காது.

“இரும்ப காந்தம் இழுக்காதா? நல்லாத்தான் படிக்கிற போ!”

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் மூடி இறுக்கிய கண்ணாடிக் குப்பியோடு துறைமுகத்துக்குப் போனேன். உள்ளே இருந்தது வெள்ளைத் தூள். ஆய்வக ஃப்ரிட்ஜில் நிறம் மாறுவதைப் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை, ஆனால் மாமாவிடம் ஐஸ் உண்டு. சங்கரா மீன்களுக்கு நடுவே குப்பியைப் புதைத்தேன். வெளியே எடுத்தபோது தூள் ஊதாவாகியிருந்தது.

“அட, கத்திரிப்பூ கலரு!” மாமா அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். ஊதா கொஞ்ச நேரம் பிடிவாதமாக நின்று, பிறகுதான் வெளுத்தது. “கலரு மாறுச்சு, சரி. உள்ள ஜோடி சேந்துச்சே, அதப் பாத்தியா?”

பார்க்கவில்லை. எங்கள் ஆய்வகத்துக் காந்தத் தராசு அறைச் சூட்டில் மட்டுமே அளக்கும். அந்தச் சூட்டில் என் எலக்ட்ரான்கள் எப்போதும் பரவியே நின்றன. குளிரக் குளிர, காந்த ஈர்ப்பு ஓரிடத்தில் சட்டென்று விழுவதைக் காட்டும் வரைபடக் கோடு ஒன்று உண்டு. வேறு யார் யாருடைய சேர்மங்களுக்கோ வரைந்த கோடுகளைப் பார்த்திருக்கிறேன். என்னுடையது எங்கே விழும்? வீடு திரும்பும் மாலை பாசஞ்சர் ரயில் கிள்ளையைத் தாண்டும்போது, மடியிலிருக்கும் பையின் மேல் விரலால் அந்தச் சரிவை வரைந்துகொண்டே வருவேன்.

“தபால்ல அனுப்பிடும்மா. பெங்களூர் லேப்ல குளிர வச்சு அளந்து மெயில் போட்டுடுவாங்க,” என்றார் என் ஆய்வு வழிகாட்டி.

“இல்ல மேடம், நானே போறேன். அது விழும்போது நான் பக்கத்துல இருக்கணும்.”

அவர் அங்கே பேசி, அந்தக் கருவியில் எனக்கு ஒரு நாள் வாங்கித் தந்தார். அம்மாவுக்குத்தான் மனம் வரவில்லை. “அவ்ளோ தூரம் தனியாவா?”

“போவட்டும்க்கா,” என்றார் மாமா. “பாத்துட்டு வந்து சொல்லட்டும். பாக்காம வந்தா, இவள சும்மா விடமாட்டேன்.”

இதை எழுதும்போது பெங்களூர் ரயில் விழுப்புரத்தைத் தாண்டிவிட்டது. குப்பி என் கையில் இருக்கிறது. தூள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.