திறப்பால் தட்டும் வரை

எங்கள் குழுவைப் பற்றி எழுதவென்று, நாங்கள் வாசித்துப் பழகும் இடத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். எங்களுடைய பழைய மேடைப் பதிவு ஒன்றைக் கேட்டிருக்கிறார். அதில் ஒரு பாட்டின் நடுவில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை, தொண்டை கிழியும் உறுமல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இரும்பில் எதையோ தட்டும் சத்தம் மட்டும் வரும். அதன் பிறகு பாட்டு தொடரும்.

"அந்த மௌனத்தை எப்படி யோசிச்சீங்க அண்ணன்? அந்த இரும்புச் சத்தம் என்ன வாத்தியம்?" என்று கேட்டார். யோசித்தோமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேத்தண்ணியைக் குடியுங்கள் தம்பி என்று பேச்சை மாற்றினேன்.

நாங்கள் மூன்று பேர். நான் கிட்டார். பாடுகிறவனே பேஸ் கிட்டாரும் வாசிப்பான். டிரம்ஸ் அடிப்பவன் கடற்கரையோர டச்பார் பக்கத்தில், ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வீட்டுப் பிள்ளை. அவர்கள் வீட்டுக் கலியாணம் என்றால் வயலினும் ஆட்டமுமாகத்தான் இருக்கும். தச்சு வேலை செய்த அவனுடைய அப்பா, அவன் வாயில் டடா, காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் ஒன்றைப் பலாப் பலகையில் எங்களுக்குச் செய்து தந்தார். கசெட்டில் கேட்ட ஹெவி மெட்டலை எல்லாம் அந்த வீட்டு முன்னறையில் அடித்துப் பார்த்தோம். பக்கத்தில் கடல் இரைந்துகொண்டிருந்ததால் எங்கள் இரைச்சலை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. வாவியில் மீன் பாடுகிறது என்று பெருமை பேசும் ஊர், எங்களை மட்டும் பேய் பிடித்தவர்கள் என்றது. எங்களுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் ஏறி வந்தது. டடாவையும் அவனுடைய தங்கச்சியையும் கொண்டுபோனது. வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியது. பெரிய டிரம் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் சேறு நிறைந்து கிடந்தது. நானும் பாடகனும் அதை இழுத்தெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவன் தொடவே இல்லை. அவனுடைய அம்மாதான் துணியை நனைத்து நனைத்துச் சேற்றைத் துடைத்தார்.

தாயும் மகனும் டவுனுக்குள் உறவினர் வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தார்கள். கடல் விட்டதும் சண்டை பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் பெடியன்களை இயக்கத்தில் சேர்க்கவென்று பிடித்துப் போனார்கள். மறுபக்கம் விசாரிக்கவென்று ஏற்றிப் போனார்கள். நம்பர் இல்லாத வான்களில் போனவர்கள் திரும்பவில்லை. எங்கள் நீள முடி எந்தப் பக்கத்துக்கும் பிடிக்கவில்லை, வெட்டிக்கொண்டோம். அவனுடைய அம்மா, எங்களுக்கு அன்ரி, அதோடு நிற்கவில்லை. கேற்றுக்குப் பூட்டுப் போட்டு, திறப்புக் கோர்வையை இடுப்பில் கட்டிக்கொண்டார். மகனைக் கடைக்குக்கூட விடவில்லை.

"கடலுக்கு ரெண்டு பேரக் குடுத்திட்டன். இனி ஆருக்கும் குடுக்க என்னட்ட இல்ல மனே," என்றார்.

அதனால் நாங்கள் அவனிடம் போனோம். சன்னல்களை மெத்தையால் அடைத்தோம். டிரம்முக்குள் பழந்துணி திணித்தோம். கிட்டாரை அம்ப்ளிபயரில் போடுவதில்லை. பாடகன் துவாயை வாயில் பொத்திக்கொண்டு உறுமுவான். ஹெவி மெட்டலை முணுமுணுத்த குழு உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். இப்போது சொல்லச் சிரிப்பு வருகிறது. அப்போது அந்த அறையில் காற்றே இல்லை. வியர்வையில் கம்பி வழுக்கும். கொஞ்ச நேரத்திலேயே எனக்கு மூச்சு முட்டும், எப்போது வீட்டுக்குப் போவோம் என்றிருக்கும். அவனுக்கு அதுதான் வீடு. எங்களை வழியனுப்பக் கேற்றடி வரைகூட அவன் வரமுடியாது. அன்ரி மேல் எனக்கு ஆத்திரம் வரும். அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விடும்.

நாங்கள் வாசிக்கும்போது அவர் வாசலில் காவல் இருப்பார். வாகனச் சத்தம் கேட்டால் சன்னல் கம்பியில் திறப்பால் தட்டுவார். அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். வாகனம் போனதும் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி தட்டுவார். விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

இருள் கவியும் மைம்மல் பொழுதில் சென்றிக் காவலுக்கு ஆள் மாற்ற ஆமி ட்ரக் ஒன்று போகும். நாங்களும் பாட்டுகளை ஒரே வரிசையில்தான் வாசிப்போம். அதனால் அந்த ஒரு பாட்டு மட்டும் நாளும் ஒரே இடத்தில் அறுந்தது. போகப் போக, அன்ரி தட்டுமுன்பே அவன் கால் நின்றுவிடும். ட்ரக் வராத நாளிலும் நின்றோம். அன்ரிக்கும் பாட்டு பாடமாகிவிட்டது. வெறும் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தட்டுவார்.

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன நாளில் தெருவில் வெடி கொளுத்தினார்கள். பாடகனின் அக்கா கடைசிச் சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது. வெடி கேட்டதும் அன்ரி தட்டினார். நிறுத்தினோம். வெடி ஓயவில்லை, அவர் திரும்பத் தட்டவும் இல்லை. பாடகன் துவாயில் முகத்தைப் புதைத்து அழுதான். வெளியே ஒரு சொட்டும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தோம். அக்கா உயிரோடு முகாமில் இருக்கிற செய்தி பிறகுதான் வந்தது.

அடுத்த வருடம் ஒரு மண்டபத்தில் வாசிக்க இடம் கிடைத்தது. அன்ரி அவனை விடுவாரா என்பதுதான் கேள்வி.

"இப்ப ஆரும் பிடிக்கிறதில்ல அன்ரி," என்றேன்.

"கடலும் அண்டைக்கு விடியக்குள்ள சும்மாதான் கிடந்தது மகன்," என்றார்.

அவன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "மம்மி, நான் இதுக்குள்ளயே கிடந்து செத்தாப் பறவாயில்லையா?"

அந்த நாள் வந்தபோது அன்ரி தானே கேற்றைத் திறந்துவிட்டார். தானும் எங்களோடு வந்தார், இடுப்பில் திறப்புக் கோர்வையோடு.

பாட்டை நிறுத்தாமல் வாசிப்பது என்று முதலே முடிவு செய்திருந்தோம். அதில் அவன்தான் பிடிவாதமாக இருந்தான். "அது ஆமிட நிப்பாட்டு மச்சான். எங்கட பாட்டுக்குள்ள அவனுக்கு என்ன வேலை?"

அம்ப்ளிபயரில் கிட்டாரைப் போட்டு வாசித்தபோது எங்கள் சத்தத்துக்கு நாங்களே பயந்துபோனோம். பயம் தெளிந்து சந்தோஷம் பிடித்துக்கொண்ட நேரம் அந்தப் பாட்டு வந்தது. அந்த இடமும் வந்தது. அவன் கால் நின்றது. என் கையும் நின்றது. பாடகன் வாயைத் திறந்தபடி நின்றான். அடி என்று டிரம்ஸ்காரனுக்கு வாயசைத்தேன். அவன் தன் தொடையில் ஓங்கிக் குத்தினான். கால் அசையவில்லை. அவன் அழப்போகிறான் என்று தெரிந்தது. பூட்டைத் திறந்து கூட்டி வந்தும் நாங்கள் அதே பின்னறையில்தான் நின்றோம்.

அன்ரி கதவடியில் நின்றார். வெளியே இறங்கித் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். திரும்பி வந்து, இடுப்பிலிருந்து கோர்வையை எடுத்து, மண்டபத்தின் இரும்புக் கதவில் தட்டினார். அவன் கால் விழுந்தது. என்ன நடந்ததென்று தெரியாமலே சனம் எழும்பிக் கத்தியது.

இப்போது எங்களுக்குத் தொந்தி, நரை எல்லாம் வந்துவிட்டது. இன்னும் ஒன்றாகத்தான் வாசிக்கிறோம். அன்ரி காலமாகிச் சில வருடங்களாகின்றன.

கொழும்புத் தம்பி தேத்தண்ணியைக் குடித்து முடித்து, அந்தப் பாட்டை ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டார். நான் டிரம்ஸ்காரனைப் பார்த்தேன். அவன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.

"அதை இப்ப எடுக்கிறதில்ல தம்பி," என்றான்.

"ஏன் அண்ணன்?"

"நிப்பாட்டினாப் பிறகு ஆர் தட்டுறது?"