மரவீட்டு வேலைக்கு முன்அனுபவம்

போர் முடிந்துவிட்டதாம். வன்னியிலிருக்கும் தன் அக்காவிடமிருந்து இன்னும் போன் வராத மனோ அண்ணையோடு, ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மரவீட்டுக்கு இன்று போனேன். உக்கிய மரங்களை மாற்றக் கொன்ராக்டர் தேடுகிறார்கள். வேலை கேட்டுப் போனவர் அண்ணை; நான் மொழிபெயர்க்கப் போனவன்.

"நூறு வருட வீடு. ஒரு மரம் உக்கினாலும் எனக்கு நித்திரை வராது. மரம் அடுக்கிய அனுபவம் உண்டா?" என்றாள் வீட்டுக்காரி.

"ஓம் எண்டு சொல்லடா. நாட்டை விட்டு வெளிக்கிட முன்னம் அக்காவின்ரை பங்கர்க் குழிக்குப் பனங்குத்தி அடுக்கினனான். ஷெல் விழுந்தும் அசையேல்லையாம்" என்றார் அண்ணை.

அப்படியே சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். "நல்லது. அந்த வேலையின் படங்கள் இருக்கா?"

"என்னவாமடா?" என்றார் அண்ணை.

"பிறகு சொல்லுவாவாம்" என்றேன்.

யாரிடமாவது அந்த பங்கரின் படம் இருந்தால் அனுப்புங்கள். உள்ளே இருந்தவர்களும் அதில் தெரிந்தால் இன்னும் நல்லது.