சீந்தில் கஷாயமும் நான் சொல்லாமல் விட்டதும்

ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். பிரசவத்துக்குப் பின் ஆஸ்பத்திரியில் கழித்துவிடும் தொப்புள்கொடியை வாங்கிவந்து, அதன் ரத்தக்குழாயின் உட்சுவரிலிருந்து செல்களைப் பிரித்து வளர்ப்போம். தட்டில் அவை கல் பாவிய தரைபோல நெருக்கமாகப் படரும். அழற்சியைத் தூண்டும் பொருளைச் சேர்த்தால் அந்தச் சுவரில் வெள்ளை அணுக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும்; ரத்தக்குழாய் சுருங்கத் தொடங்குவது இப்படித்தான். சீந்தில்கொடிச் சாற்றை முன்கூட்டியே விட்டுவைத்த தட்டுகளில் ஒட்டியவை குறைவாக இருந்தன.

அன்று மாலை நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் பட்டுக்குச் சாயம் போடுபவர். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கி, தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்ததைச் சொன்னேன். கை நிறையச் சாயத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"பட்டு நூல்ல சின்ன சிட்டம் ஒண்ணு நனைச்சுப் பாப்போம் மச்சான். அதுல சாயம் நின்னா மொத்தப் பட்டுலயும் நிக்கும். உங்க தட்டும் அப்படித்தானே?"

அப்படி இல்லை. தட்டில் செல்லின் தலைமேல் நேராக ஊற்றுகிறோம். குடித்தால் நடுவில் வயிறு இருக்கிறது, கல்லீரல் இருக்கிறது. ரத்தத்தில் எவ்வளவு போய்ச் சேரும் என்று எனக்கே தெரியாது. இதை ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் சொந்தக்காரர் அவர்தான். அந்த முகத்தை வாடவைக்க மனம் வரவில்லை. "நீயும் விஞ்ஞானிதான் மாப்ள" என்று சிரித்தேன்.

அவர் கஷாயம் குடிக்கத் தொடங்கியது எனக்குத் தெரியும். மாத்திரையும் சாப்பிடுகிறாரா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயம்.

சில மாதங்களில் இரண்டு கால்விரல்கள் கறுத்தன. எடுத்துவிட்டார்கள். வார்டில் டாக்டர் என் தங்கையைப் பார்த்து, "மாத்திரைய நீதானேமா பாத்துக் குடுக்கணும்?" என்றார். பக்கத்தில் நின்ற அவள் நாத்தனார் விடவில்லை. "சீரியல் ஒரு நாள் தவறாம பாக்கத் தெரியுது. புருஷனுக்கு மாத்திரை குடுக்கத் தெரியல."

"நான்தாங்க்கா நிறுத்தினேன், அவள ஏன் சொல்ற?" என்றார் மாப்பிள்ளை. என் பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலின் மறுபுறம் நின்றிருந்த நானும் வாய் திறக்கவில்லை.

அதன்பிறகு போகும் விசேஷங்களிலெல்லாம் அதே பேச்சு. தங்கை வெளியே போவதையே குறைத்துக்கொண்டாள்.

போன வாரம் போய் இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார். "இதச் சொல்லவா இந்த வெயில்ல வந்தீங்க? பத்து விரல்ல எட்டு இருக்குது மச்சான், உடுங்க."

தங்கை சிரிக்கவில்லை.

"அந்த டாக்டர் என்னக் கேட்டப்போ நீ அங்கதானே ண்ணா இருந்த?"

"இருந்தேன்மா."

"எங்கிட்ட சொல்லி என்னா பண்றது? பக்கத்து வீட்லதான் எங்க நாத்தனார் இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லு."

போனேன். அந்த அம்மாள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.