ஏழு சஹன்

மகளின் மகள் காலையிலிருந்து மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நாட்டில் யுத்தம் ஓய்ந்து, வீட்டுக்கு வீடு இந்தச் சாமான் வந்துவிட்டது. அவளுடைய மாமாவின் கலியாண விருந்துக்கு யார் யார் ஒரே சஹனில், அதாவது ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டில், என்று பெயர்களை ஆறாறாக அதற்குள் அடுக்கிவிட்டு மொத்தம் எத்தனை என்று கேட்டிருக்கிறாள்.

"நாப்பத்திரண்டு பேரு உள்ளுக்கு ஈக்காங்க உம்மும்மா! இது ஏழு எண்டுது! மூளையில்லாத சாமான்!"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்தச் சாமான் மேல் அல்ல. அதே மாதிரி ஏச்சை ஒருநாள் வாங்கியவள் நான்.

நான் சிறுமியாக இருந்தபோது நடந்த என் ராத்தாவின், அதாவது அக்காவின், கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் மதுரங்குளியிலிருந்து லொறியில் பிந்தித்தான் வந்தார்கள். சாப்பாட்டுப் பொறுப்பு என் மாமாவுக்கு. "ஓடிப்போய் எத்தின எண்டு எண்ணிட்டு வா" என்றார். போனேன், சஹன்களை எண்ணினேன். சோறு போடுவது சஹனுக்குத்தானே? "ஏழு" என்றேன்.

மாமாவின் மண்டைக்குள் அது ஏழு ஆட்களாகிவிட்டது. ஏழு பேருக்கான சோற்றையும் கொஞ்சம் இறைச்சியையும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பெரிய கிடாரச் சட்டியோடு கடற்கரையில் வலையிழுக்கும் கரைவலைக்காரருக்குக் கொடுத்தனுப்பினார். பெரிய தருமவான்!

சோறு போதாமல் பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. மாப்பிள்ளையின் சாச்சா, அவருடைய சித்தப்பா, கையைக் கழுவ எழும்பியே விட்டார். உள்ளே ராத்தா அழத் தொடங்கினாள்.

"எண்ணத் தெரியாத மாடு!"

"எத்தின ஆளெண்டு நீங்க கேக்கல்லயே மாமா?"

"வாயப் பாரு வாய!"

உம்மா குசினி மூலையில் மூடி வைத்திருந்த பானையைத் தூக்கி வந்து மாமாவிடம் கொடுத்தார். ஏழு சஹனும் நிரம்பியது. சாச்சா திரும்ப உட்கார்ந்தார். "சோறெண்டா இதுதான்" என்று அவர் சொன்ன புகழையும் மாமாதான் வாங்கிக்கொண்டார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமியும் அப்படியே.

"நீங்க தின்னல்லயா உம்மா?"

"பசியில்ல புள்ள."

நம்பினேன். நான் எண்ணியது சரிதான் என்று அவர் வாயால் கேட்பதிலேயே எனக்குக் குறி. அடுப்படியில் நின்றவர்கள் அந்த ஏழிலும் இல்லை, நாற்பத்திரண்டிலும் இல்லை என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.